விண்டோஸ் ஏறவில்லையா? எந்த இடத்தில் நின்றது என்று முதலில் சொல்லுங்கள்

கோலாலம்பூர் செந்தூலில் இருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். வீட்டிலேயே கணினி அசெம்பிள் செய்திருக்கிறார். ரைசன் 5 7600 சிபியு, பி650 போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ரேம் இரண்டு, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (போர்டின் எம்.2 ஸ்லாட்டில் நேராகச் சொருகும் வகை), எல்லாம் லோ யாட் கணினிக் கடைத்தொகுதியில் ஒரே சனிக்கிழமை வாங்கியது. கூடவே அப்பாவின் பழைய கணினியிலிருந்து கழற்றிய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். முதல் முறை ஆன் செய்தபோது பத்து நிமிடம் திரை கறுப்பாகவே கிடந்ததாம். பயந்துபோய் இரண்டு தடவை பவரை நிறுத்தித் திரும்பப் போட்டிருக்கிறார், அப்புறம் எப்படியோ பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் வரும் போர்டின் சொந்த செட்டிங் திரை) வந்துவிட்டது. விண்டோஸ் 11 பென்டிரைவைச் செருகி ஆரம்பித்தால், டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் 465.8 ஜிபி என்று ஒன்றே ஒன்றுதான் தெரிகிறது. அதைத் தொட்டால் "இதில் எம்பிஆர் பார்ட்டிஷன் இருக்கிறது, இங்கே போட முடியாது" என்று வருகிறது. நண்பரின் சாட்டா (என்விஎம்இக்கு முந்தைய வகை) எஸ்எஸ்டியைக் கடன் வாங்கிப் பார்த்தால் ஒருமுறை 62 சதவீதத்தில், இன்னொரு முறை 37 இல், 0எக்ஸ்8007025டி என்ற பிழையோடு நிற்கிறது. மூன்றாவது முறை முழுதாக ஓடி முடிந்து, ரீஸ்டார்ட் ஆகி, பழையபடி மொழி கேட்கும் முதல் பக்கத்துக்கே வந்துவிட்டதாம். டிஸ்க்பார்ட் (டிஸ்க்கைப் பிரிக்கவும் அழிக்கவும் விண்டோஸில் இருக்கும் கட்டளைக் கருவி) திறந்து கிளீன் அடித்தால் சரியாகும் என்று ஒரு காணொளியில் பார்த்தாராம். அடிக்கலாமா என்பது கேள்வி. மாமா பையன் வேறு, "பேசாமல் விண்டோஸ் 10 போடு, வம்பே இல்லை" என்கிறாராம்.

அடிக்காதீர்கள். இதைப் படித்து முடிக்கும் வரை விசைப்பலகையைத் தொடவே வேண்டாம்.

465.8 ஜிபி என்று தெரிவது உங்கள் புது எஸ்எஸ்டி இல்லை, அப்பாவின் ஹார்ட் டிஸ்க். டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கணக்குப் போடுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆல் வகுக்கிறது, அதனால்தான் பெட்டியில் 500 ஜிபி என்று எழுதியது திரையில் 465 ஆகவும், 1 டிபி என்று எழுதியது 931 ஆகவும் தெரியும். நீங்கள் தேட வேண்டிய எண் 931. அது பட்டியலில் இல்லை. அப்படியிருக்க அந்தக் காணொளிக்காரர் சொன்னபடி செலக்ட் டிஸ்க் 0, கிளீன் என்று அடித்திருந்தால், ஒரு வினாடிதான், "நிஜமாகவா?" என்றுகூடக் கேட்காது, அப்பா பதினைந்து வருடமாகச் சேர்த்து வைத்த படங்களின் பார்ட்டிஷன் அட்டவணை போயிருக்கும். காணொளியில் சொன்னது பொய்யும் இல்லை. டிஸ்க்கில் பார்ட்டிஷன்களை எழுதிவைக்கும் பழைய முறை எம்பிஆர், புது முறை ஜிபிடி; எம்பிஆர் டிஸ்க்கை ஜிபிடி ஆக்க அது ஒரு வழி. ஆனால் அவர் வீட்டில் டிஸ்க் 0 என்பது காலி எஸ்எஸ்டியாக இருந்திருக்கும், உங்கள் வீட்டில் அது அப்பாவின் டிஸ்க்.

(இதைப் படிக்கும் வேறு யாராவது ஏற்கெனவே அடித்துவிட்டிருந்தால்: அந்த டிஸ்க்கில் இனி ஒரு எழுத்துகூட எழுதாதீர்கள், ஃபார்மட் செய்யாதீர்கள், கழற்றி வேறொரு கணினியில் மாட்டி டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். வெறும் கிளீன் என்பது டிஸ்க்கின் தலையையும் வாலையும்தான் துடைக்கிறது, நடுவில் இருக்கும் தரவு பெரும்பாலும் அப்படியே இருக்கும். கிளீன் ஆல் என்று அடித்திருந்தால் அது வேறு கதை, அது முழுவதையும் பூஜ்யத்தால் நிரப்பிவிடும்.)

ஆக முதல் வேலை: பிளக்கை எடுங்கள், அப்பாவின் டிஸ்க்கில் இருக்கும் இரண்டு கேபிளையும் கழற்றுங்கள், டிஸ்க்கைத் துணியில் சுற்றி அலமாரியில் வையுங்கள். விண்டோஸ் ஏறி, எல்லாம் நல்லபடி ஓடி, ஒரு வாரம் கழித்து மாட்டிக்கொள்ளலாம்.

இது படங்களுக்காக மட்டும் சொல்வது இல்லை. நான் சூடுபட்டவன். சில வருடம் முன்பு அக்கா மகனுக்கு இங்கே பினாங்கு பாயான் பாருவில் ஒரு கணினி போட்டுக் கொடுத்தேன், சோம்பேறித்தனத்தால் பழைய டிஸ்க்கையும் மாட்டியபடியே புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் ஏற்றினேன். நன்றாகத்தான் ஓடியது. இரண்டு மாதம் கழித்துப் பழைய டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தது, பையன் அதைக் கழற்றினான், கணினி எழவே இல்லை. பூட் ஆகத் தேவையான இஎஃப்ஐ பார்ட்டிஷன், வெறும் 100 எம்பி, விண்டோஸ் இன்ஸ்டாலர் அதை ஏற்கெனவே ஜிபிடியாக இருந்த பழைய டிஸ்க்கில் கண்டுபிடித்து, சரி இதுவே போதும் என்று அங்கேயே பூட் ஃபைல்களை வைத்துவிட்டது. வீடு எஸ்எஸ்டியில், சாவி மட்டும் பழைய டிஸ்க்கில். எஸ்எஸ்டியில் கொஞ்சம் இடம் ஒதுக்கி, புதிதாக ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன் போட்டு, பிசிடிபூட் கட்டளையால் சரி செய்தேன், ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று, அக்கா வீட்டு மீன் கறி ஆறியதுதான் மிச்சம். அன்றிலிருந்து இன்ஸ்டால் செய்யும்போது ஒரு டிஸ்க், ஒரே டிஸ்க்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் நான்கு தொல்லைகளை ஒரே மூட்டையாகக் கட்டி "விண்டோஸ் ஏறவில்லை" என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். நான் யார் கணினியைப் பார்த்தாலும் முதலில் கேட்பது, எந்த இடத்தில் நின்றது என்பதுதான். பயாஸ் வருவதற்கு முன்பா, பயாஸில் டிஸ்க் தெரியாமலா, ஃபைல் பிரதி எடுக்கும்போதா, ரீஸ்டார்ட் ஆன பிறகா? ஒவ்வொரு இடத்துக்கும் குற்றவாளி வேறு. உங்களுடையதில் ஒன்று குற்றமே இல்லை, ஒன்று மாட்டிய விதத்தில், ஒன்று பென்டிரைவிலோ ரேமிலோ, இன்னொன்று வெறும் கவனக்குறைவு.

குற்றமே இல்லாதது அந்தப் பத்து நிமிடக் கறுப்புத் திரை. ஏஎம்5 போர்டுகளில் (உங்கள் பி650 அந்த வகைதான்) டிடிஆர்5 ரேமை முதல் தடவை மாட்டும்போது, போர்டு அந்த ரேமோடு பழகிக்கொள்ள நேரம் எடுக்கும், மெமரி டிரெய்னிங் என்பார்கள். விசிறி சுற்றும், திரையில் ஒன்றும் வராது, போர்டின் ஓரத்தில் டிராம் என்று எழுதிய குட்டி விளக்கு எரிந்துகொண்டிருக்கும். சில நிமிடங்கள் ஆகலாம், ரேம் அதிகமானால் இன்னும் கூடும். நடுவில் பவரை நிறுத்தினால் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும், நீங்கள் இரண்டு தடவை அதைத்தான் செய்திருக்கிறீர்கள். அடுத்த முறை ரேமைக் கழற்றி மாட்டினாலோ பயாஸை ரீசெட் செய்தாலோ இதே கூத்து நடக்கும், அப்போது போய் ஒரு தே தாரேக் கலக்கிக்கொண்டு வாருங்கள். பதினைந்து நிமிடம் தாண்டியும் வராவிட்டால் மட்டும் கவலைப்படலாம்.

அந்தக் குட்டி விளக்குகளைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் போர்டு வாய் திறந்து பேசுவது அதன் வழியாகத்தான். சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு இருக்கும், எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். சிபியு விளக்கு நின்றால் முதலில் போர்டின் மேல் மூலையில் 8 பின் பவர் கேபிள் சொருகியிருக்கிறதா என்று பாருங்கள், கேஸுக்குள் போர்டை இறக்கிய பிறகு அந்த மூலைக்குக் கை போகாது என்பதால் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். டிராம் விளக்கு நின்றால், இரண்டு ரேமும் சிபியு பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், கட்டைவிரலால் இரண்டு முனையிலும் டக் என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். பூட் விளக்கு மட்டும் எரிந்தால் பயப்படாதீர்கள், டிஸ்க்கில் இன்னும் விண்டோஸ் இல்லை, வேறென்ன சொல்லும் பாவம்.

இப்போது முக்கியமானது: 931 ஜிபி எங்கே போனது?

விண்டோஸ் இன்ஸ்டாலரில் தேடுவதை விட்டுவிட்டு, ஆன் செய்ததும் டிலீட் விசையைத் தட்டிப் பயாஸுக்குள் போங்கள். ஸ்டோரேஜ் அல்லது என்விஎம்இ என்ற பக்கத்தில் உங்கள் எஸ்எஸ்டியின் மாடல் பெயர் இருக்கிறதா? பயாஸுக்கே தெரியவில்லை என்றால் அது வன்பொருள் சிக்கல், விண்டோஸில் மணிக்கணக்காகத் தலையை முட்டிக்கொண்டு பயன் இல்லை. பயாஸுக்குத் தெரிந்து விண்டோஸுக்குத் தெரியவில்லை என்றால் அது டிரைவர் அல்லது செட்டிங் சிக்கல், எஸ்எஸ்டியைக் கழற்றத் தேவையே இல்லை. இந்தப் பிரிவைச் செய்யாமல் ஆட்கள் நாள்கணக்கில் அலைகிறார்கள்.

பயாஸில் இல்லை என்றே வைத்துக்கொள்வோம், புதிதாக அசெம்பிள் செய்தவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது அதைத்தான். பவரை அணைத்து, பிளக்கை எடுத்து, கேஸின் வெறும் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, எம்.2 மேல் இருக்கும் ஹீட்சிங்க்கை (சூட்டை இழுக்கும் உலோகத் தட்டு) கழற்றுங்கள். எஸ்எஸ்டியின் திருகை எடுத்ததும் அது தானாக மேலே தூக்கி நிற்க வேண்டும், ஏறத்தாழ முப்பது டிகிரி சாய்வில். தூக்கவில்லை, தளர்வாகப் படுத்துக் கிடக்கிறது என்றால் அது ஸ்லாட்டுக்குள் முழுதாகப் போகவே இல்லை. வெளியே இழுத்து, அதே சாய்வில் வைத்து, தங்க நிறப் பற்கள் கண்ணுக்கு மறையும் வரை உள்ளே தள்ளுங்கள். ஓரத்தில் ஒரு மெல்லிய தங்கக் கோடு தெரிந்தால்கூடப் போதாது. பிறகு விரலால் படுக்க வைத்துத் திருகைப் போடுங்கள், சும்மா பிடிக்கிற அளவுக்கு, முறுக்காமல். ஹீட்சிங்க்கின் அடியில் இருக்கும் ரப்பர் பட்டையில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா? உரிக்காமல் மாட்டியவர்களை எண்ணினால் இரண்டு கை விரலும் போதாது. அது டிஸ்க்கை மறைக்காது, ஆனால் சூட்டை வெளியே விடாது.

எந்த ஸ்லாட் என்பதும் முக்கியம். சிபியுவுக்கு மிக அருகில் இருக்கும் எம்.2 ஸ்லாட், பெரும்பாலான போர்டுகளில் எண் 1 என்று போட்டிருக்கும், அது நேராகச் சிபியுவோடு பேசுகிறது, விண்டோஸ் டிஸ்க் அதில் இருப்பதுதான் நல்லது. மற்ற ஸ்லாட்டுகள் சில போர்டுகளில் சாட்டா போர்ட்டுகளோடு பாதையைப் பங்கு போடும், ஒன்றில் மாட்டினால் மற்றது அணைந்துவிடும், கையேட்டில் சின்ன எழுத்தில் எழுதியிருப்பார்கள். இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: எம்.2 வடிவில் இருப்பதெல்லாம் என்விஎம்இ இல்லை. பற்களில் ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ, இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா வகை, அதைப் புதுப் போர்டின் என்விஎம்இ ஸ்லாட்டில் மாட்டினால் உட்காரும், திருகு ஏறும், ஆனால் தெரியாது. லேபிளைப் படியுங்கள். கடையில் அவசரத்தில் மாற்றிக் கொடுத்திருந்தால் பில்லோடு போய் மாற்றிக்கொள்ளலாம்.

பயாஸில் பெயர் தெரிகிறது, விண்டோஸில் இல்லை என்றால், உங்கள் ஏஎம்டி போர்டில் என்விஎம்இ ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் வசதி) என்ற செட்டிங் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், அதை அணையுங்கள். ஒரே ஒரு எஸ்எஸ்டி வைத்திருப்பவருக்கு ரெய்டு எதற்கு? இன்டெல் வைத்திருப்பவர்களுக்கு இதே தொல்லை விஎம்டி என்ற பெயரில் வரும், 11 ஆம் தலைமுறையிலிருந்து அதிகம், லேப்டாப்பில் இன்னும் அதிகம். அங்கே இரண்டு வழி: விஎம்டியை அணைக்கலாம், அல்லது இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென்டிரைவில் வைத்து, டிஸ்க் பக்கத்தில் லோட் டிரைவர் கொடுக்கலாம். ஆனால் ஏற்கெனவே விஎம்டியோடு விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் சும்மா போய் அதை அணைத்தால், அடுத்த பூட்டில் நீலத் திரை வரும், பூட் டிவைஸை அடைய முடியவில்லை என்று. திரும்ப ஆன் செய்தால் பழையபடி எழும்.

931 ஜிபி வந்துவிட்டதா? புது டிஸ்க் என்பதால் அன்அலொகேட்டட் என்று இருக்கும். அதைத் தொட்டு நெக்ஸ்ட் கொடுங்கள், அவ்வளவுதான். நீங்களாகப் பார்ட்டிஷன் பிரிக்க வேண்டாம், அதற்குத் தேவையான நான்கையும் விண்டோஸே போட்டுக்கொள்ளும். எம்பிஆர் தொல்லையும் இங்கே வராது, ஏனென்றால் காலி டிஸ்க்கை அது தானாக ஜிபிடி ஆக்கிக்கொள்ளும்.

அடுத்தது அந்தப் பிழை எண். விண்டோஸின் எண்கள் பார்க்கச் சாபம் மாதிரி இருந்தாலும் அதில் பொருள் இருக்கிறது. 8007 என்று ஆரம்பித்தால், கடைசி நான்கு இலக்கம் விண்டோஸின் சொந்தப் பிழை எண், பதினாறடிமான எண்ணில். 025டி என்றால் 605, அதாவது சுருக்கி வைத்த தரவை விரித்துப் பார்த்தால் உருக்குலைந்திருக்கிறது என்று அர்த்தம். இதற்கு அண்ணன் மாதிரி இன்னொன்று உண்டு, 0570 என்று முடியும், அது 1392, ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது என்பது. விண்டோஸ் முழுவதும் பென்டிரைவில் ஒரே பெரிய சுருக்கப்பட்ட ஃபைலாக இருக்கிறது. அதைப் படித்து, ரேமில் வைத்து விரித்து, டிஸ்க்கில் எழுதுகிறது. உருக்குலைந்தது படிக்கும்போதா, ரேமிலா? நண்பரின் எஸ்எஸ்டியைச் சந்தேகப்படுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இரண்டு எண்ணையும் எழுதி வைத்தது நல்லதாயிற்று, 62, 37. ஒவ்வொரு முறையும் ஒரே சதவீதத்தில் நின்றால் நான் பென்டிரைவில் இருக்கும் ஃபைலைச் சந்தேகப்படுவேன், ஏனென்றால் கெட்ட இடம் நகராது. நிற்கும் இடம் மாறிக்கொண்டே இருந்தால் ரேமைச் சந்தேகப்படுவேன். நூறு சதவீத விதி இல்லை, சாகப்போகும் பென்டிரைவும் இடம் மாறிச் சொதப்பும், ஆனால் எங்கே ஆரம்பிப்பது என்று சொல்லும். உங்களுடையது இடம் மாறுகிறது. பயாஸில் எக்ஸ்போ (ரேமை அதன் பெட்டியில் எழுதிய வேகத்துக்கு ஏற்றும் செட்டிங்) ஆன் செய்தீர்களா? கேள்வியில் எழுதவில்லை, ஆனால் செய்திருப்பீர்கள் என்று என் மனம் சொல்கிறது, புது ரேம் வாங்கி 6000 ஓடாமல் யாருக்குத் தூக்கம் வரும். எக்ஸ்போ என்பது ஓவர்கிளாக்தான். அதை அணைத்தால் ரேம் 4800 போன்ற சாதாரண வேகத்துக்கு இறங்கும், இன்ஸ்டால் செய்ய அது தாராளம். விண்டோஸ் ஏறிய பிறகு ஆன் செய்துகொள்ளுங்கள்.

அணைத்தும் நின்றால் ஒரே ஒரு ரேமை மட்டும், இரண்டாவது ஸ்லாட்டில் வைத்து முயலுங்கள். பிறகு அதை எடுத்துவிட்டு மற்றதை அதே ஸ்லாட்டில். ஒன்றில் ஓடி மற்றதில் நின்றால் குற்றவாளி கையில். சாட்சி வேண்டும் என்றால் மெம்டெஸ்ட்86 ஐ வேறொரு பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓட விடுங்கள், காலையில் ஒரே ஒரு சிவப்பு வரி இருந்தாலும் அந்த ரேமைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கலாம். "ஒரு பிழைதானே" என்று விடாதீர்கள், அது ஒருநாள் உங்கள் அசைன்மென்ட் ஃபைலுக்குள் போய் உட்காரும்.

பென்டிரைவ் பக்கம்: அதைச் செய்து கொடுத்தது மாமா பையன் என்றால், மன்னிக்கவும், நீங்களே ஒன்று புதிதாகச் செய்யுங்கள். குறைந்தது 8 ஜிபி. பசார் மாலாம் இரவுச் சந்தையில் பத்து வெள்ளிக்கு 128 ஜிபி என்று விற்பது வேண்டாம், அதில் பாதி உள்ளே 8 ஜிபி சில்லை வைத்துக்கொண்டு கணினியிடம் 128 என்று பொய் சொல்லும், எழுதும்போது எழுதும், படிக்கும்போது இருக்காது. மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே இருக்கும் மீடியா கிரியேஷன் டூல் சுலபம். ஐஎஸ்ஓ (இன்ஸ்டாலர் முழுவதும் அடங்கிய ஒற்றை ஃபைல்) தரவிறக்கினால், அதே பக்கத்தில் கொடுத்திருக்கும் எஸ்எச்ஏ256 எண்ணை, அதாவது அந்த ஃபைலின் கைரேகையை, பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹேஷ் கட்டளையால் ஒப்பிட்டுப் பாருங்கள், முதல் ஆறு எழுத்தும் கடைசி ஆறு எழுத்தும் பொருந்தினால் எனக்குப் போதும். ரூஃபஸ் என்ற மென்பொருளில் செய்தால் ஜிபிடி, யூஇஎஃப்ஐ (புது வகை பயாஸ்) என்று தேர்ந்தெடுங்கள். ஐஎஸ்ஓவைத் திறந்து ஃபைல்களை இழுத்து எஃப்ஏடி32 பென்டிரைவில் போடுவது இப்போது வேலைக்காகாது, உள்ளே இருக்கும் இன்ஸ்டால் ஃபைல் 4 ஜிபியைத் தாண்டுகிறது, எஃப்ஏடி32 அதை ஏற்காது. செய்ததைக் கேஸின் முன்பக்கம் இல்லாமல் பின்பக்கம் போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் செருகுங்கள். "மீடியா டிரைவர் காணவில்லை" என்று வருகிறவர்களுக்கும் பாதி நேரம் இதுதான் மருந்து: வேறு போர்ட், முடிந்தால் யூஎஸ்பி 2, இல்லையென்றால் வேறு பென்டிரைவ்.

மொழி கேட்கும் பக்கத்துக்கே திரும்பி வந்தது சிரிப்பான விஷயம். உங்கள் மூன்றாவது முயற்சி வென்றிருக்கிறது! இன்ஸ்டால் நடுவில் கணினி சில தடவை ரீஸ்டார்ட் ஆகும். முதல் ரீஸ்டார்ட்டில் பென்டிரைவ் இன்னும் செருகியிருந்து, பயாஸின் பூட் வரிசையிலும் அதுவே முதலில் இருந்தால், போர்டு திரும்பவும் பென்டிரைவிலிருந்தே எழும். திரை அணைந்து முதல் ரீஸ்டார்ட் ஆகும் அந்த நொடியில் பென்டிரைவைப் பிடுங்கிவிடுங்கள். இன்னும் நல்லது, பூட் வரிசையைத் தொடாமல் ஒருமுறை மட்டும் பூட் மெனுவில் தேர்ந்தெடுப்பது: ஆசுஸ் போர்டில் எஃப்8, எம்எஸ்ஐயிலும் ஆஸ்ராக்கிலும் எஃப்11, கிகாபைட்டில் எஃப்12. அங்கே பென்டிரைவ் பெயர் இரண்டு தடவை தெரிந்தால் முன்னால் யூஇஎஃப்ஐ என்று போட்டிருப்பதைத்தான் எடுக்க வேண்டும்.

விண்டோஸ் 10 ஆலோசனைக்கு ஒரு வரி போதும்: அதற்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, புதுக் கணினியில் அதைப் போட்டு என்ன செய்வது? தவிர, உங்கள் தொல்லை எதுவும் 11 ஆல் வந்தது இல்லை. ரேம் கெட்டிருந்தால் 10 உம் இப்படியேதான் நிற்கும். "இந்தக் கணினியில் விண்டோஸ் 11 ஓடாது" என்று வந்தால் மட்டும் பயாஸில் எஃப்டிபிஎம் (விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதி) ஆன் ஆகியிருக்கிறதா, சிஎஸ்எம் (பழைய பயாஸ் முறையில் பூட் ஆகும் வசதி) அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் சிபியு அந்தப் பட்டியலில் இருப்பதுதான்.

பயாஸ் அப்டேட் செய்யலாமா என்று யாராவது சொல்வார்கள். செய்யலாம், ஏஎம்5 போர்டுகளில் ரேம் சமாச்சாரம் ஒவ்வொரு பதிப்பிலும் தேறி வந்திருக்கிறது. ஆனால் பிற்பகலில் வானம் கறுத்திருக்கும்போது செய்யாதீர்கள். நம் ஊரில் நான்கு மணி இடிக்கு மெயின் சுவிட்ச் டிரிப் ஆவது உங்களுக்குத் தெரியாததா, பாதியில் பவர் போனால் போர்டு செங்கல். போர்டின் பின்னால் ஃபிளாஷ்பேக் பொத்தான் இருந்தால் அப்படிப் போனதையும் மீட்கலாம், இருந்தாலும் காலையில் செய்யுங்கள்.

எல்லாம் ஏறியபின் ஒரு இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன்: இணையம் வேண்டும் என்று அடம்பிடிக்கும், ஆனால் உங்கள் போர்டின் வைஃபைக்கோ 2.5ஜி லேனுக்கோ டிரைவர் இன்ஸ்டாலரில் இல்லாமல் போகலாம், ஆக இணையமே இருக்காது. ஷிஃப்ட் எஃப்10 அடித்துத் தாண்டும் வித்தைகளை மைக்ரோசாஃப்ட் ஒவ்வொன்றாக மூடி வருகிறது. அதைவிடச் சுலபம், ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கேபிளில் மாட்டி யூஎஸ்பி டெதரிங் ஆன் செய்யுங்கள், விண்டோஸ் அதை லேன் என்று நினைத்துக்கொண்டு போய்விடும். கீ கேட்டால் "என்னிடம் கீ இல்லை" என்று அடியில் இருப்பதைத் தொட்டுத் தாண்டுங்கள். இருபது வெள்ளிக்கு ஆன்லைனில் விற்கும் கீயை அவசரப்பட்டு வாங்க வேண்டாம்.

பிறகு உபுண்டுவும் போடப் போவதாகக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். போடுங்கள், முதலில் விண்டோஸ், அப்புறம் உபுண்டு, அந்த வரிசையில். போட்ட மறுநாள் விண்டோஸில் கடிகாரம் எட்டு மணி நேரம் பின்னால் ஓடும், காலை பத்துக்கு இரவு இரண்டு என்று காட்டும், பேட்டரி போய்விட்டது என்று போர்டைத் திறக்காதீர்கள். உபுண்டு போர்டின் கடிகாரத்தில் உலகப் பொதுநேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது, நமக்கும் அதற்கும் வித்தியாசம் சரியாக எட்டு மணி. (1982 பிறந்தபோது மலேசியாவில் நாம் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளாமல் இருந்திருந்தால் ஏழரை என்று காட்டியிருக்கும்!) உபுண்டு டெர்மினலில் timedatectl set-local-rtc 1 என்று கொடுத்தால் இரண்டும் ஒத்துப்போகும்.

இன்று இரவு செய்ய வேண்டியது மூன்றுதான்: அப்பாவின் டிஸ்க்கைக் கழற்றுவது, எம்.2 ஐத் திரும்ப உட்கார வைப்பது, எக்ஸ்போவை அணைப்பது. செய்துவிட்டு, பயாஸில் எஸ்எஸ்டியின் பெயர் தெரிகிறதா இல்லையா என்று மட்டும் எழுதுங்கள். தெரியவில்லை என்றால் எஸ்எஸ்டியின் லேபிளையும், நீங்கள் மாட்டிய ஸ்லாட்டையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.